ரிப்போர்ட் நார்மல், வலி மட்டும் போகவில்லை: வாசகர் கேள்வி பதில்

காரணம் பிடிபடாத உடல் உபாதைகள் பற்றி இம்முறை நிறையக் கடிதங்கள். குமரி மாவட்டத்திலிருந்து வந்தவற்றில் ஐந்துக்கு இங்கே பதில் தருகிறோம்.

மார்த்தாண்டம் பக்கம் அண்டி ஆபீஸில் (முந்திரித் தொழிற்சாலை) பருப்பு உடைக்கிறேன். வயது 43. மூன்று வருஷமாக மேல்வலி, தோள் உளைச்சல், நெஞ்செரிச்சல், வயிறு பொருமல். ரத்தம், இ.சி.ஜி., எண்டோஸ்கோப்பி, ஸ்கேன் எல்லாம் எடுத்தாச்சு, எல்லாம் நார்மல். "ஒண்ணுமில்ல, மனசுதான்" என்கிறார்கள். அப்போ நான் நடிக்கிறேனா?

இல்லை. உங்களுக்கு வலிக்கிறது, அந்த வலி உண்மை. ஸ்கேன் பார்ப்பது கல், கட்டி, கிழிசல், அடைப்பு போன்றவற்றை. ஒருவருக்கு எவ்வளவு வலிக்கிறது என்று காட்டும் ஸ்கேன் எங்குமே கிடையாது.

இதயம், குடல், தசை எல்லாவற்றிலிருந்தும் மூளைக்கு ஓயாமல் செய்தி போகிறது. காதுக்கு மேலே மூளையின் மடிப்புக்குள் ஒளிந்திருக்கும் இன்சுலா என்ற பகுதி அதில் முக்கியமானது. வந்த செய்தியில் பெரும்பகுதியை மூளை நமக்குத் தெரியாமலே ஒதுக்கிவிடும். அது மட்டுமல்ல, அடுத்து என்ன வரும் என்று முன்கூட்டியே எதிர்பார்க்கவும் செய்யும். வடசேரி பஸ் ஸ்டாண்டில் குலசேகரம் பஸ்ஸுக்கு ரொம்ப நேரம் காத்திருந்து பாருங்கள், தூரத்தில் வருகிற எல்லாப் போர்டும் குலசேகரம் என்றே தெரியும். மூன்று வருஷ வலி, தூக்கக் குறைவு, "பெரிய நோயோ" என்ற பயம் எல்லாம் சேர்ந்தால் மூளையும் அப்படித்தான் வலிக்காகக் காத்திருக்கிறது.

இப்படிப்பட்டவர்களுக்கு உடலுணர்வு அளவுக்கு மீறிக் கூர்மை என்று பலர் நினைக்கிறார்கள். நாடியைத் தொடாமல் இதயத் துடிப்பை எண்ணச் சொல்லும் சோதனை 1981-லிருந்து இருக்கிறது. அதில் இவர்கள் மற்றவர்களைவிடச் சரியாக எண்ணுகிறார்கள் என்று உறுதிப்படவில்லை. கூடியிருப்பது கவனம்தான், துல்லியம் அல்ல. அதனால் "உடம்பை இன்னும் நல்லாக் கவனி" என்பதும் "கண்டுக்காதே" என்பதும் இரண்டுமே உங்களுக்கு உதவாது. கவனிக்கும் விதத்தை மாற்ற வேண்டும்.

"காரணம் தெரியவில்லை, ஆகவே மனசு" என்ற கணக்கை மருத்துவமே கைவிட்டுவிட்டது. 2013-ல் வந்த அமெரிக்க மனநல வகைப்பாடு அதை நீக்கியது. 2022-ல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாடும் உபாதை எவ்வளவு துயரம் தருகிறது, எவ்வளவு கவனத்தை விழுங்குகிறது என்றே பார்க்கிறது. காரணம் தெரிந்த நோய் கூடவே இருந்தாலும் இது பொருந்தும்.

ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை, பி-12 நான்கும் பார்த்தாகிவிட்டதா என்று ரிப்போர்ட்டில் ஒருமுறை சரிபாருங்கள். பார்த்திருந்தால் அதையே மூன்று மாதத்துக்கு ஒருதரம் எடுக்க வேண்டாம். ஆனால் காரணமில்லாமல் எடை குறைவது, விடாத காய்ச்சல், கறுத்த மலம், விழுங்கச் சிரமம், ஒரு பக்கம் பலமிழப்பு, சிறுநீர் கட்டுப்படாமல் போவது, இவற்றில் எது வந்தாலும் "பழைய நோய்தானே" என்று இருந்துவிடாதீர்கள்.

பயிற்சியைப் பாதத்திலிருந்து தொடங்குங்கள். படுத்துக் கண்ணை மூடினால் வலிதான் பெரிதாகக் கேட்கும், அதனால் நின்றுகொண்டு, கண் திறந்தபடி, செருப்பில்லாமல் செய்யுங்கள். பாதங்கள் இடுப்பகல இடைவெளியில், முழங்கால் இறுகாமல் இருக்கட்டும். உடல் பாரத்தை மெதுவாக விரல் பக்கம் கொண்டுபோங்கள், பிறகு குதிகால் பக்கம், பிறகு வலம், இடம். நான்குக்கும் நடுவில் எங்கே சிரமமில்லாமல் நிற்க முடிகிறது என்று தேடுங்கள். தரை குளிர்ச்சியா, சொரசொரப்பா? மூன்று நிமிடம் போதும். காலை, மாலை, ஆறு வாரம். ஸ்வீடன் நாட்டு உடலியக்கச் சிகிச்சையாளர்கள் வளர்த்தெடுத்த உடல் விழிப்புப் பயிற்சியின் அடிப்படையும் இதுவே.

வேலையிடத்தில் இன்னொன்று. உடைக்கும் கை இறங்கும்போது மற்றத் தோள் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அது காதை நோக்கி ஏறியிருக்கும், பல்லும் கடித்திருக்கும். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து, தோளைக் காதுவரை வேண்டுமென்றே தூக்கி, மூன்று எண்ணும்வரை பிடித்து, விட்டுவிடுங்கள். விட்ட பிறகு கை கனப்பதை உணர்வதுதான் பயிற்சி.

பத்தாம் நாள் "வலி குறைஞ்சுதா" என்று சோதிப்பதில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். குறைந்ததா என்று தேடுவதும் வலியைத் தேடுவதுதான். எவ்வளவு நேரம் நிற்க முடிந்தது, இரவு எத்தனை மணிக்குத் தூங்கினீர்கள், இந்த இரண்டை மட்டும் குறித்து வையுங்கள்.

நாகர்கோவில், வயது 27. யூடியூப் பார்த்து தினமும் அரை மணி நேரம் உடலைக் கவனிக்கும் தியானம் செய்தேன். படபடப்பு கூடிவிட்டது. ஸ்மார்ட் வாட்சில் பல்ஸ் 96 காட்டுகிறது. நிறுத்திவிடவா?

நேரத்தைக் குறையுங்கள், முறையை மாற்றுங்கள். "ஏதாவது தப்பாகுதா" என்று காவல் காப்பது ஒரு வகைக் கவனம், "இது எப்படி இருக்கிறது" என்று பார்ப்பது வேறு வகை. பயத்தோடு நெஞ்சிலேயே அரை மணி நேரம் உட்கார்ந்தால் முதல் வகைதான் வளரும்.

நான்கு நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள். அரை நிமிடம் உள்ளங்கை, இருபது வினாடி நெஞ்சு, அரை நிமிடம் வெளியே கேட்கும் சத்தம், பிறகு மறுபடியும் உள்ளங்கை. நெஞ்சுக்குப் போனால் "படபடப்பு" என்று பெயர் சொல்லாமல் வேகமா, கனமா, எவ்வளவு இடத்தில் என்று மட்டும் பாருங்கள். பத்துக்கு ஆறுக்கு மேல் பதற்றம் ஏறினால் கண்ணைத் திறந்து நடந்துவிடுங்கள். பழைய அதிர்ச்சி ஏதும் மனதில் இருப்பவர்கள் இதைத் தனியாகச் செய்ய வேண்டாம்.

ஓய்வில் 60 முதல் 100 வரை சாதாரணம். எழுந்து நின்றாலே பத்து இருபது கூடும், மாடி ஏறினால் நூறைத் தாண்டும். வாட்சைப் பார்த்தவுடன் கிடைக்கும் நிம்மதி சில நிமிடம்தான், பிறகு சந்தேகம் திரும்பும், மறுபடி பார்ப்பீர்கள். முதல் வாரம் இரவில் கழற்றுங்கள், இரண்டாம் வாரம் வேலை நேரத்திலும். கட்டன் சாயா எத்தனை என்றும் எண்ணுங்கள். குடித்த காஃபீனில் பாதி உடலை விட்டுப் போகவே ஏறக்குறைய ஐந்து மணி நேரமாகும்.

பேச்சிப்பாறை பக்கம் ரப்பர் பால் வெட்டுகிறேன், வயது 38. விடியுமுன்னே மரத்தடியில் நிற்கும்போது நெஞ்சடைப்பு, உதடும் விரல்நுனியும் மரத்துப்போகிறது, தலை கிறங்குகிறது. இரண்டு முறை ஆஸ்பத்திரிக்கு ஓடினேன், இதயம் நல்லா இருக்காம். மூச்சை நல்லா இழுத்து விடச் சொன்னார்கள். இழுத்தால் இன்னும் கூடுகிறது.

நெஞ்சடைப்பு என்றால் ஓடிப்போய்க் காட்டியது சரிதான். மேடு ஏறும்போது வந்து, நின்றால் தணிகிற நெஞ்சுவலியாக இருந்தால் இ.சி.ஜி. நார்மல் என்று விடாமல் டிரெட்மில் பரிசோதனை கேளுங்கள்.

நீங்கள் சொல்வது பெரும்பாலும் மிகைமூச்சு. பதற்றத்தில் தேவைக்கு மேல் மூச்சு விடும்போது ரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது. அதனால் மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சற்றுச் சுருங்கும், தலை கிறங்கும். ரத்தத்தில் செயல்படும் கால்சியமும் இறங்கி உதடும் விரலும் மரக்கும். மூச்சு போதவில்லை என்றே தோன்றும், ஆனால் நடந்திருப்பது நேர்மாறு. ஆழமாக இழுக்க இழுக்க அது கூடத்தான் செய்யும்.

வாயை மூடி, மூக்கால் சிறிதாக, மூன்று எண்ணும்வரை இழுங்கள். நெஞ்சு நிரம்ப வேண்டாம். ஐந்து அல்லது ஆறு எண்ணும்வரை விடுங்கள். ஐந்து நிமிடம் இப்படியே. காகிதப் பையை முகத்தில் வைக்கும் பழைய வழி வேண்டாம், இதயக் கோளாறோ மூச்சிளைப்போ இருந்தால் அது ஆபத்து. வெறும் வயிற்றில் சாயா மட்டும் குடித்துவிட்டுப் போகாதீர்கள்.

மூச்சு தணிந்ததும் வீட்டுக்கு ஓடாமல் அடுத்த மரத்துக்குப் போங்கள். நெற்றி விளக்கின் வெளிச்சத்தில் பட்டை சுருண்டு விழுவதையும், கத்தி இழுபடும் சத்தத்தையும், பிடி எவ்வளவு இறுகியிருக்கிறது என்பதையும் பாருங்கள். பிடியைக் கால்வாசி தளர்த்தினாலும் பட்டை வெட்டுப்படும். உடலை வேலைக்குள்ளேயே கவனிக்கும் வழி அது.

திருவட்டாறு. கழுத்துவலிக்கு வர்ம ஆசானிடம் போகலாமா?

எண்ணெய் தேய்த்து மெதுவாகத் தடவுவது பலருக்கு உடலைப் பயமில்லாமல் உணர வாய்ப்பு தருகிறது, நல்லது. கழுத்தைச் சட்டென்று திருப்பி நெட்டி முறிப்பது வேண்டாம், ரத்தக் குழாய் கிழிந்து பக்கவாதம் வரலாம். கையில் மரப்பு, பிடிமானக் குறைவு இருந்தால் முதலில் டாக்டர். தலைவலியும் இருந்து, மாதத்தில் பதினைந்து நாளோ அதற்கு மேலோ வலி மாத்திரை போடுகிறீர்கள் என்றால் அந்த மாத்திரையே தலைவலிக்குக் காரணமாகலாம்.

குளச்சலில் அம்மாவுக்கு 61 வயது. இரண்டு வருஷமாக உடம்பு முழுக்க எரிச்சல், அசதி. குவைத்திலிருந்து தினமும் மூன்று முறை கூப்பிட்டு "இப்போ எப்படி இருக்கு" என்று கேட்கிறேன். வேறென்ன செய்ய?

நீங்கள் அன்போடுதான் கேட்கிறீர்கள். ஆனால் ஒவ்வொரு முறையும் அம்மா பதில் சொல்ல உடம்பைத் தடவிப் பார்க்க வேண்டியிருக்கிறது, எரிச்சலைத் தேடி எடுத்துத் தருகிறார். "ஒண்ணுமில்லம்மா" என்றும் சொல்லாதீர்கள், நம்பவில்லை என்றே கேட்கும். "வலிக்குன்னு தெரியும்மா" என்று ஒரு தரம் சொல்லிவிட்டுப் பேச்சை அன்றைய நாளுக்குத் திருப்புங்கள்.

வேலையிலும் ஒரு பழக்கம் இருக்கும். நல்ல நாளில் வீடு முழுக்கக் கழுவி, அடுத்த மூன்று நாள் படுத்திருப்பார். மோசமான நாளிலும் செய்ய முடிகிற அளவு எது என்று பாருங்கள். பத்து நிமிட நடை என்றால் நல்ல நாளிலும் பத்தே நிமிடம், வாரத்துக்கு ஒரு நிமிடம் கூட்டலாம். சிறு வேலைக்கே அடுத்த நாள் முற்றிலும் துவண்டு போகிறார் என்றால் கூட்டவே வேண்டாம், டாக்டரிடம் அதைத் தனியாகச் சொல்லுங்கள்.

பல இடங்களுக்கு அலையாமல் ஒரே டாக்டரை மாதம் ஒருமுறை, வலி கூடினாலும் கூடாவிட்டாலும், குறித்த நாளில் பார்க்கட்டும். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவிலும் காட்டலாம். அங்கே போவதால் வலி பொய் என்று ஆகிவிடாது. இரவில் 10 மில்லிகிராம் அமிட்ரிப்டிலின் போன்ற மாத்திரை தந்தால், அது நாள்பட்ட வலிக்கும் கொடுப்பதுதான். அந்த வயதில் வாய் வறட்சி, தடுமாற்றம் வரலாம், அதனால் டாக்டர் சொல்லாமல் கூட்டவோ நிறுத்தவோ கூடாது. போனில் பேச அரசின் மனநல உதவி எண் 14416, இலவசம், தமிழிலும் பேசலாம்.

அழைப்பை ஒன்றாகக் குறைத்து, சாயங்காலம் வையுங்கள். "உடம்பு எப்படி" என்பதற்குப் பதிலாக "இன்னைக்கு என்ன மீன் கிடைச்சுது, எப்படி வச்சீங்க?" என்று கேளுங்கள்.