சொந்தத்தில் திருமணம், வீட்டில் தலசீமியா: மரபணுப் பரிசோதனைக்கு எவ்வளவு ஒதுக்குவது?

கேள்வி: எனக்கு வயது 27. சொந்த அத்தை மகனை மணந்திருக்கிறேன். அடுத்த ஆண்டு குழந்தை பெற்றுக்கொள்ள எண்ணியுள்ளோம். நாத்தனாரின் ஆறு வயது மகனுக்குத் தலசீமியா என்னும் பரம்பரை இரத்த நோய். மூன்று வாரத்துக்கு ஒருமுறை இரத்தம் ஏற்றுகிறார்கள். இருவரின் சம்பளமும் சேர்ந்து மாதம் 52,000 ரூபாய், சேமிப்பு 1.4 லட்சம். கருவுற்ற பத்தாவது வாரத்தில் என்ஐபிடி என்னும் இரத்தப் பரிசோதனை செய்தால் எல்லா மரபணுக் குறைகளும் 99 சதவீதத் துல்லியத்துடன் தெரிந்துவிடும் என்றும், இப்போதே 22,000 ரூபாய் கட்டினால் சலுகை உண்டு என்றும் ஓர் ஆய்வக முகவர் சொல்கிறார். கட்டலாமா? காப்பீடு இதற்கு உதவுமா?
வாசகி, திண்டுக்கல்

பதில்: இப்போது கட்ட வேண்டாம். முகவர் விற்கும் பரிசோதனை நல்லதுதான். ஆனால் உங்கள் குடும்பத்தில் இருக்கும் ஆபத்தை அது பார்ப்பதில்லை. தாயின் இரத்தத்தில் கலந்திருக்கும் நஞ்சுக்கொடியின் டிஎன்ஏ துணுக்குகளைக் கொண்டு 21, 18, 13 ஆகிய குரோமோசோம்களின் எண்ணிக்கை கூடியிருக்கிறதா என்பதையே வழக்கமான என்ஐபிடி முதன்மையாகக் கணிக்கிறது. 21ஆவது குரோமோசோம் கூடுவதால் வரும் டவுன் குறைபாடு அதில் அடங்கும், தலசீமியா அடங்காது. சொந்தத்தில் மணந்தவர்களுக்குக் கூடுவது, தாய், தந்தை இருவரிடமிருந்தும் ஒரே பழுதுபட்ட மரபணு வந்து சேரும்போது உண்டாகும் நோய்களின் வாய்ப்பு. டவுன் குறைபாட்டின் வாய்ப்போ முக்கியமாகத் தாயின் வயதைப் பொறுத்தது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நான்கில் ஒன்றுக்கும் மேற்பட்ட திருமணங்கள் உறவுக்குள் நடக்கின்றன. ஆகவே இந்த வேறுபாட்டை விளக்கிச் சொல்வது ஆய்வகங்களின் கடமை என்றே கருதுகிறேன்.

உங்கள் குடும்பக் கணக்கைப் பாருங்கள். மகனுக்கு நோய் இருப்பதால் நாத்தனார் தலசீமியா மைனர், அதாவது நோயில்லாமல் பழுதுபட்ட மரபணு ஒன்றை மட்டும் சுமப்பவர், என்பது ஏறத்தாழ உறுதி. அவருக்கு அது மாமனாரிடமிருந்தோ அத்தையிடமிருந்தோ வந்திருக்க வேண்டும். எனவே உங்கள் கணவருக்கும் அது இருக்க ஐம்பது சதவீத வாய்ப்பு உண்டு. அத்தை வழியில் வந்திருந்தால் அவருடைய உடன்பிறந்தவரான உங்கள் தந்தைக்கும், அவர் மூலம் உங்களுக்கும் இருக்கக்கூடும். இதை அறிய, முழு இரத்த எண்ணிக்கையுடன் ஹெச்பிஎல்சி என்னும் ஹீமோகுளோபின் பரிசோதனையைச் செய்ய வேண்டும்; தனியார் ஆய்வகங்களில் ஒருவருக்கு ஆயிரம் ரூபாய்க்கு முன்பின் ஆகும். முதலில் செலவழிக்க வேண்டிய பணம் இதுதான். இரும்புச்சத்துக் குறைபாடு இந்த முடிவை மறைத்துவிடக்கூடும் என்பதால், அதையும் சேர்த்துப் பார்க்க வேண்டுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

இருவரில் ஒருவர் மட்டும் மைனர் என்றால் குழந்தைக்கும் மைனர் நிலை வரலாம், நோய் வராது. மற்றவருக்கு வேறு ஹீமோகுளோபின் மாற்றம் எதுவும் இல்லை என்பதை உறுதிசெய்துகொண்டால் இந்தக் கவலை அங்கேயே முடிகிறது. இருவரும் மைனர் என்றால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நோயுள்ள குழந்தை பிறக்க 25 சதவீத வாய்ப்பு உண்டு. அப்போது கருத்தரிப்பதற்கு முன்பே மரபியல் ஆலோசகரைச் சந்தித்து, இருவருடைய மரபணு மாற்றத்தையும் கண்டறிந்து வைத்துக்கொள்ள வேண்டும். நாத்தனார் மகனின் மரபணு அறிக்கை இருந்தால் கையோடு எடுத்துச் செல்லுங்கள். எதைத் தேடுவது என்று தெரிந்துவிட்டால் ஆய்வகச் செலவும் நாட்களும் குறையும். கருவுற்ற 11 முதல் 13 வாரங்களுக்குள் நஞ்சுக்கொடித் திசுவை எடுத்தோ, 15 வாரங்களுக்குப் பின் பனிக்குட நீரை எடுத்தோ கருவுக்கு நோய் உண்டா என்று உறுதிசெய்யலாம். இந்த உறுதிப் பரிசோதனைக்கென்று 40,000 ரூபாயைச் சேமிப்புக் கணக்கிலேயே வைத்திருங்கள். மியூச்சுவல் ஃபண்டிலோ நீண்டகால வைப்பிலோ போட வேண்டாம். கருக்கலைப்புச் சட்டம் 20 வாரம், 24 வாரம் என்று வரம்புகளை வகுத்திருக்கிறது. 24 வாரங்களுக்குப் பின் மருத்துவக் குழுவின் அனுமதி தேவை. பணம் புரட்டுவதில் போகும் இரண்டு வாரங்கள் உங்கள் முன்னுள்ள வழிகளைக் குறைத்துவிடும். கருமுட்டைகளை வெளியே கருவாக்கிச் சோதித்துப் பதியவைக்கும் முறைக்குப் பல லட்சம் ஆகும். ஆலோசனை முடியும் முன் அதற்காக நகைக்கடன் வாங்காதீர்கள்.

கர்ப்ப காலத்தில் டவுன் குறைபாட்டுக்கான சோதனையும் செய்யத்தான் வேண்டும். 27 வயதில், 11 முதல் 13 வாரங்களுக்குள், கருவின் பின்கழுத்து நீரின் தடிப்பை அளக்கும் என்டி ஸ்கேனும், தாயின் இரத்தத்தில் இரண்டு பொருட்களின் அளவைப் பார்க்கும் டபுள் மார்க்கர் பரிசோதனையும் நல்ல தொடக்கம். என்ஐபிடி தேவையா என்பதை அந்த முடிவைப் பார்த்து மருத்துவருடன் பேசி முடிவு செய்யலாம். முகவர் சொல்லும் 99 சதவீதத் துல்லியத்தையும் சற்று எண்ணிப் பாருங்கள். ஆயிரம் கர்ப்பங்களில் ஒன்றுக்கு டவுன் குறைபாடு என்றும், பரிசோதனை ஆயிரத்தில் ஒருவருக்குத் தவறாக எச்சரிக்கிறது என்றும் கொண்டால், எச்சரிக்கப்படும் இருவரில் ஒருவருடைய குழந்தைக்குக் குறையே இராது. எனவே எச்சரிக்கை வந்தால் பனிக்குட நீரைச் சோதித்து உறுதிசெய்யாமல் எந்த முடிவும் எடுக்கக் கூடாது. அந்தச் செலவையும் கட்டணத்துக்குள் ஆய்வகம் ஏற்கிறதா என்பதை எழுத்தில் கேளுங்கள். குழந்தை ஆணா பெண்ணா என்று சொல்வதாக முகவர் சாடையாகப் பேசினால் பேச்சை அத்துடன் முடித்துக்கொள்ளுங்கள்; அது 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

நூற்றுக்கணக்கான மரபணுக்களை ஒரே நேரத்தில் பார்க்கும் விரிவான தொகுப்பும் உண்டு. சொந்தத்தில் மணந்தவர்களுக்கு அதில் பயன் இருக்கலாம். ஆனால் பொருள் தெளிவில்லாத முடிவுகளும் அதில் வரும் என்பதால், ஆலோசகர் பரிந்துரைத்த பின் வாங்குங்கள்.

காப்பீட்டைப் பொறுத்தவரை, வெளிநோயாளிப் பரிசோதனைகளுக்குப் பெரும்பாலான திட்டங்கள் பணம் தருவதில்லை; தனிநபர் திட்டங்களில் மகப்பேறு சேர்க்கப்பட்டிருந்தாலும் காத்திருப்புக் காலம் இருக்கும். இன்று எடுத்தாலும் உங்கள் பிரசவத்துக்கு அது உதவுவது அரிது. கணவரின் அலுவலகக் குழுக் காப்பீட்டில் மகப்பேறு உடனடியாகச் செல்லுமா, பிறந்த குழந்தை முதல் நாளிலிருந்தே சேர்க்கப்படுமா என்பதை மனிதவளத் துறையிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மரபணு நோய் என்பதைக் காரணம் காட்டி உரிமைக் கோரிக்கையை மறுக்கும் விதியைப் புதிய திட்டங்களில் வைக்கக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2018இல் அறிவுறுத்தியது. மைனர் நிலை என்பது நோயன்று. ஆனாலும் விண்ணப்பப் படிவத்தில் பரிசோதனை முடிவுகளைக் கேட்டிருந்தால் மறைக்காமல் எழுதுங்கள், ஏனெனில் மறைத்தது பின்னர் தெரியவந்தால் அதையே காரணமாக்கிக் கோரிக்கையை நிராகரிக்க நிறுவனத்துக்கு வழி கிடைக்கும்.