ஹீல்ஸை விடுங்கள், ஆனால் ஒரே நாளில் விடாதீர்கள்

கேள்வி: எனக்கு ஊர் பர்கூர். கிருஷ்ணகிரியில் ஒரு நகைக்கடையில் விற்பனைப் பிரிவில் இருக்கிறேன். வயது 36. சீருடைப் புடவையோடு ஹீல்ஸ் போட்டால்தான் எடுப்பாக இருக்கும் என்று மேனேஜர் சொல்வதால், பல வருடமாக மூன்று இஞ்ச் ஹீல்ஸ்தான். இப்போது சாயங்காலம் ஆனால் முன்பாதம் எரிகிறது. கட்டை விரல் ஓரத்தில் எலும்பு புடைத்து வருகிறது. பிளாட் வாங்கலாம் என்று போனால், செருப்புக் கடையில் பாதத்தை ஸ்கேன் செய்துவிட்டு, 6,000 ரூபாய்க்கு ஆர்த்தோ செருப்பும் உள்ளே வைக்கும் சோலும் வாங்கியே ஆக வேண்டும் என்கிறார்கள். வாங்கட்டுமா மேடம்? பிளாட் போட்டால் குள்ளமாகத் தெரிவேனோ என்றும் கவலையாக இருக்கிறது.

பதில்: முதலில் அந்த 6,000 ரூபாயை எடுத்துப் பத்திரமாக வையுங்கள். உங்கள் காலுக்கு இப்போது தேவைப்படுவது அதில் கால்வாசிக்குள் முடியும்.

அந்த ஸ்கேன் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். தர்மபுரியில் என்னிடம் பிசியோதெரபிக்கு வருகிறவர்களில் பலர் இதில் பணத்தைக் கொடுத்துவிட்டுத்தான் வருகிறார்கள். தட்டு மேல் ஏறி நிற்கச் சொல்வார்கள். திரையில் பாதம் சிவப்பும் மஞ்சளுமாகத் தெரியும். சிவப்பைக் காட்டி, "இங்கே அழுத்தம் அதிகம், இப்படியே விட்டால் முட்டி தேய்ந்துவிடும்" என்பார்கள். யார் ஏறி நின்றாலும் குதிகாலும் முன்பாதமும் சிவப்பாகத்தான் வரும். உடம்பின் எடை இறங்குகிற இடமே அவை இரண்டும்தான். நடையைப் பார்த்து, கணுக்கால் எவ்வளவு மடங்குகிறது என்று தொட்டுப் பார்த்து, அதற்கப்புறம் ஒருவர் அந்தப் படத்தைப் பயன்படுத்தினால் அர்த்தம் உண்டு. செருப்பு விற்கிறவர் கையில் இருந்தால் அது பயமுறுத்தி விற்கிற கருவிதான். கல்யாண மண்டபத்தில் இலவச முகாம் என்று கூப்பிட்டு இதையே செய்கிறார்கள். கூட்டிக்கொண்டு போய் விடுகிறவருக்குப் பல இடங்களில் கமிஷன் உண்டு. தெரிந்தவர் சொன்னார், உறவுக்காரர் சொன்னார் என்று நம்பிப் போகாதீர்கள்.

பெட்டியில் 'ஆர்த்தோ' என்று அச்சிட்டிருந்தாலும் அதே கதைதான். அந்தச் செருப்பு உங்கள் காலுக்குப் பொருந்துமா என்று அந்த ஒரு வார்த்தை சொல்லாது. ஆன்லைனில் விற்கிற, கட்டை விரலை நேராக்கும் பட்டையையும் வாங்க வேண்டாம். வளர்ந்து முடிந்தவர்களின் எலும்பு அப்படியெல்லாம் திரும்பி வராது. நல்ல பிளாட் போட்டாலும் புடைப்பு மறையாது. ஆனால் உரசலும் வலியும் குறையும், அது மேலும் நெருக்கப்படாமலும் இருக்கும்.

சரி, எரிச்சல் ஏன் வருகிறது? குதிகாலை மூன்று இஞ்ச் தூக்கினால் எடை முன்பக்கம் சரிகிறது. விரல்களுக்குக் கீழே இருக்கிற சிறிய எலும்பு முனைகள் நாள் முழுக்க அதைத் தாங்குகின்றன. ஹீல்ஸின் முன்பக்கம் பெரும்பாலும் கூம்பு மாதிரி குறுகலாக இருப்பதால், முன்னால் சறுக்கி வருகிற பாதம் அந்தக் கூம்புக்குள் நசுங்குகிறது. ஆகவே உயரம் பாதிக் காரணம், குறுகலான முன்பக்கம் மீதிப் பாதி.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ஹீல்ஸை விட்டுவிட்டு, அப்பளம் மாதிரி மெல்லிய அடி உள்ள கூர்முனை பெல்லி ஷூவுக்கு மாறுவார்கள். உயரம் போய்விடும், நசுக்கல் அப்படியே இருக்கும். கூடவே கிரானைட் தரையின் அடி நேராகக் குதிகாலில் இறங்கும். ரெண்டு மாதத்தில் காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போது குதிகாலில் ஆணி குத்துகிற மாதிரி வலி வந்து நிற்பார்கள்.

கடைக்குச் சாயங்காலம் போங்கள். நாள் முழுக்க நின்ற கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், அதுதான் சரியான அளவு. போவதற்கு முன் வீட்டில் ஒரு வெள்ளைத் தாளில் வெறுங்காலோடு எழுந்து நின்று, பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்து, பாதத்தைச் சுற்றி வேறு யாரையாவது வரையச் சொல்லுங்கள். உட்கார்ந்து வரைந்தால் பாதம் விரியாது, அளவு தப்பாகிவிடும். இரண்டு காலும் வரையுங்கள், ஒன்று கொஞ்சம் பெரிதாக இருக்கலாம். பெரியதற்குத்தான் வாங்க வேண்டும். அந்தத் தாளைக் கோட்டின் மேலேயே வெட்டி, கடையில் செருப்புக்குள் வைத்துப் பாருங்கள். ஓரத்தில் தாள் மடங்கினால் அந்தச் செருப்பு உங்களுக்கு இல்லை. "போடப் போட இளகிவிடும்" என்பார் கடைக்காரர். இளகுவது உங்கள் விரல்தான்.

எண்ணை மட்டும் நம்பி வாங்கவே முடியாது. நம் கடைகளில் இருக்கிற 5, 6, 7 எல்லாம் இங்கிலாந்து அளவுகள். அவை நீளத்தைத்தான் சொல்கின்றன, அகலத்தைச் சொல்வதில்லை. சென்னை அடையாறில் இருக்கிற மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் நாடு முழுக்க ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பாதத்தை அளந்து, இந்தியர்களின் பாதம் ஐரோப்பியர், அமெரிக்கர்களின் பாதத்தைவிட அகலமானது என்று கண்டது. நமக்கென்று தனி அளவுமுறையும் தயாரித்தது. அதற்கப்புறமும் நம் ஊர்க் கடையில் அதே பழைய எண்தான். இவ்வளவு பெரிய நாட்டில் பெண்கள் தங்கள் கால் அகலத்துக்கு ஒரு செருப்பு வாங்க இன்னும் தாளை வெட்டிக்கொண்டு போக வேண்டியிருப்பது எனக்கு ஆத்திரமாகத்தான் இருக்கிறது.

நீங்கள் பர்கூர் என்பதால் இன்னொன்று. ஹைவேயில் கொஞ்சம் போனால் வாணியம்பாடி, ஆம்பூர். "ஆம்பூர் எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ், லெதர், பாதி விலை" என்று நம் பக்கம் நிறைய விற்கிறார்கள். சிலது நிஜமாகவே நல்ல தோல், சிலது வெறும் ரெக்சின். நிஜமாகவே ஏற்றுமதிச் சரக்காக இருந்தாலும் அது வெளிநாட்டுக் காலுக்கான அச்சில் தைத்தது. தோல் அருமையாக இருக்கும், முன்பக்கம் பிடிக்கும். தாள் உள்ளே படிந்தால் மட்டும் வாங்குங்கள்.

கையில் எடுத்து வளைத்தும் பாருங்கள். விரல்கள் மடங்குகிற இடத்தில் செருப்பு மடங்க வேண்டும். நடுவில் மடங்கினாலோ, துணி பிழிவது போல முறுக்க வந்தாலோ வேண்டாம். குதிகால் பக்கம் ஒன்று முதல் மூன்று சென்டிமீட்டர் உயரம் இருக்கட்டும். முன்பாதத்துக்குக் கீழே மெத்தென்று ஏதாவது இருக்கட்டும். பின்பக்கம் வாரோ மூடிய குதிகாலோ அவசியம். இல்லாவிட்டால் செருப்பு கழன்றுவிடாமல் விரல்களால் பிடித்துக்கொண்டே நடப்பீர்கள், அதிலேயே பாதம் சோர்ந்துவிடும்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வேண்டியது. பல வருடம் மூன்று இஞ்சில் நின்ற உங்களுக்கு, நாளைக்கே முழு பிளாட் கூடாது. குதிகால் எப்போதும் மேலே இருந்ததால் கெண்டைக்கால் தசை குறுகிப் பழகியிருக்கும், அதன் கீழே குதிகாலோடு சேர்கிற தசைநாரும் இறுகியிருக்கும். திடீரென்று தரைக்கு இறக்கினால் அந்த நார் இழுபடும். குதிகாலுக்குப் பின்னால் வலிக்கும். உடனே, "எனக்கு பிளாட் ஒத்துக்கவில்லை, ஹீல்ஸ்தான் சரி" என்று முடிவு கட்டிவிடுவார்கள். இப்படித் திரும்பிப் போனவர்களை நிறையப் பார்க்கிறேன். கால் மேல் தப்பில்லை, இறங்கிய வேகம்தான் தப்பு.

ஆகவே முதலில் இரண்டு இஞ்சுக்கு வாருங்கள், குதிகாலும் அடியும் ஒரே கட்டையாக இருக்கிற அகலமான வெட்ஜ் பரவாயில்லை. சில வாரம் கழித்து ஒன்றரை, அப்புறம் ஒன்று. இந்த நாட்களில் தினமும் சுவரில் இரு கையும் ஊன்றி, ஒரு காலைப் பின்னால் வைத்து, முட்டியை மடக்காமல், குதிகாலைத் தரையில் அழுத்தி 30 விநாடி நில்லுங்கள். காலுக்கு மூன்று தடவை. பிறகு அதே நிலையில் பின்கால் முட்டியைக் கொஞ்சம் மடக்கி மறுபடி செய்யுங்கள். தசை இழுக்கலாம், குத்தக் கூடாது. வீட்டில் வெறுங்காலோடு நடந்தால் ஒன்றும் செய்யவில்லையே என்று கேட்பீர்கள். வீட்டில் கொஞ்ச நேரம், கடையில் பத்து மணி நேரம். வித்தியாசம் அங்கேதான்.

குள்ளமாகத் தெரியுமோ என்ற கவலைக்குப் பதில் செருப்பைவிடப் புடவையில் இருக்கிறது. ஹீல்ஸுக்கு அளவாகக் கட்டிய கொசுவத்தை அப்படியே வைத்துக்கொண்டு பிளாட் போட்டால் புடவை தரையைக் கூட்டும், ஆளையும் குறைத்துக் காட்டும். புதுச் செருப்பைப் போட்டுக்கொண்டு புடவை கட்டுங்கள். பாதத்தின் மேல்பக்கம் கொஞ்சம் திறந்து தெரிகிற, உங்கள் தோல் நிறத்தை ஒட்டிய பழுப்போ மங்கிய தங்கமோ கால் நீளமாகத் தெரிய உதவும். முனை பாதாம் பருப்பின் வடிவில் இருக்கலாம், ஊசியாக வேண்டாம். வேலைப்பாடு உள்ள ஜுத்தி, பின்வார் வைத்த கட் ஷூ எல்லாம் பட்டுப் புடவைக்கே எடுப்பாக இருக்கும்.

மேனேஜர் விஷயத்துக்கு வருகிறேன். தமிழ்நாட்டில் 2021-ல் கடைகள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்கள் எல்லோருக்கும் உட்கார இருக்கை வைக்க வேண்டும் என்று கொண்டுவந்தார்கள். வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்காரலாம். இருக்கை இருந்தும் உட்கார்ந்தால் முறைக்கிறார்கள் என்று பெண்கள் சொல்கிறார்கள். சட்டம் எழுதியவர்கள் ஒரு நாள் சாயங்காலம் கடைக்குள் நடந்து பார்த்தால் போதும். நீங்கள் தனியாகக் கேட்க வேண்டாம். கூட வேலை செய்கிற நான்கைந்து பேர் சேர்ந்து, எல்லோருக்கும் ஒரே நிறத்தில் ஒரே மாதிரி பிளாட் போடுகிறோம், சீருடைக்கு ஒற்றுமையாக இருக்கும் என்று சொல்லிப் பாருங்கள். அவருக்கு வேண்டியது பார்வைக்கு நன்றாக இருப்பதுதானே.

சர்க்கரை நோய் இருந்து பாதம் மரத்துப்போனவர்கள் இதைப் பின்பற்றாமல், மருத்துவரைக் கேட்டு, எம்.சி.ஆர். என்கிற மெத்தென்ற நுண்துளை ரப்பர் வைத்த செருப்புக்குப் போக வேண்டும்.

ஆறு வாரத்தில் எரிச்சல் குறையவில்லை என்றாலோ, மூன்றாவது நான்காவது விரலுக்கு நடுவே சுரீர் என்று மின்சாரம் பாய்கிற மாதிரி இருந்தாலோ, புடைப்பு சிவந்து சூடானாலோ, கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எலும்பு சிகிச்சைப் பிரிவில் காட்டுங்கள். போகும்போது இத்தனை நாள் போட்ட ஹீல்ஸையும் பையில் எடுத்துப் போங்கள். அடி எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்று பார்த்தால், நீங்கள் எடையை எங்கே வைத்து நடக்கிறீர்கள் என்பது மருத்துவருக்குச் சீக்கிரம் புரியும்.