பழைய பாடநூலும் ஒரு புள்ளியும்

அன்புள்ள ஐயா,

பொறியியல் முடித்துவிட்டு இரண்டு ஆண்டுகளாகக் கோவையில் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் சோதனைப் பிரிவில் இருக்கிறேன். மளிகை, மருந்துக் கடைகளுக்கான பில்லிங் மென்பொருள் செய்கிறோம். யுஎக்ஸ் (பயனர் அனுபவ வடிவமைப்பு) வேலைக்கு மாற ஆசை. முறையாகப் படிக்கலாம் என்று, ஆலன் டிக்ஸும் மூவரும் எழுதிய மனித-கணினி ஊடாட்டப் பாடநூலின் மூன்றாம் பதிப்பை (2004) பழைய புத்தகக் கடையில் வாங்கினேன். எண்ணூறு பக்கங்களுக்கு மேல். இருநூறு பக்கம் தாண்டிவிட்டேன். அதில் உள்ள திரைகளை நான் பள்ளியில்கூடப் பார்த்ததில்லை. அலுவலகத்தில் மூத்தவர் ஒருவர், “இதைப் படித்து யாரும் டிசைனர் ஆனதில்லை. வரைகிற மென்பொருளைக் கற்றுக்கொண்டு நான்கு மாதிரித் திரைகள் போட்டு வை” என்று சிரித்தார். தொடர்ந்து படிக்கவா, எடைக்குப் போட்டுவிடவா?

(பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் மூத்தவர் சொன்ன மென்பொருளைக் கற்றுக்கொள்ளுங்கள். அதற்கு ஒரு மாதம் போதும். அதில் பேச ஒன்றும் இல்லை.

படங்கள் பழையவை என்கிறீர்கள். உண்மைதான். ஆனால் அந்த நூலின் நல்ல பகுதிகள் திரைகளைப் பற்றியவை அல்ல. கண், விரல், நினைவு, கவனம் இவற்றைப் பற்றியவை. இவற்றுக்கு 2004க்குப் பிறகு புதிய பதிப்பு எதுவும் வரவில்லை.

பால் ஃபிட்ஸ் என்ற உளவியலாளர் 1954இல் ஒரு சோதனையை வெளியிட்டார். இரண்டு உலோகத் தகடுகள், கையில் ஓர் உலோகக் கோல். இதைத் தொடு, அதைத் தொடு, மறுபடி இதை. தகடு குறுகக் குறுக, இடைவெளி கூடக் கூட, கை தாமதிக்கிறது. எவ்வளவு தாமதிக்கிறது என்பதை ஒரு சூத்திரமாக்கினார். அப்போது மவுஸ் என்ற பொருளே கிடையாது. ஸெராக்ஸின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் கார்டும் உடன் வேலை செய்தவர்களும் மவுஸை அளந்து 1978இல் எழுதியபோது அதே கணக்கு பொருந்தி வந்தது. பஸ்ஸில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறுகையின் கட்டைவிரலால் பணம் அனுப்பும் பொத்தானைத் தேடுகிறோமே, அங்கேயும் அந்தத் தகடுகள்தான் இருக்கின்றன.

ஏடிஎம் பற்றிய குறிப்பைத் தாண்டி வந்திருப்பீர்கள். பணத்தை முதலில் கொடுத்து அட்டையைப் பிறகு கொடுத்த இயந்திரங்களில், பணம் கைக்கு வந்ததும் பலர் அட்டையை விட்டுவிட்டுப் போனார்கள். வந்த வேலை முடிந்ததென்று மனம் கதவைச் சாத்திவிடுகிறது. அட்டையை முதலில் கொடுக்கும்படி வரிசையை மாற்றினார்கள். “அட்டையை மறவாதீர்கள்” என்று எத்தனை எழுதி ஒட்டியிருந்தாலும் இந்த மாற்றம் செய்ததைச் செய்திருக்காது. இந்த ஒரு பக்கத்துக்கே நீங்கள் கொடுத்த காசு சரியாகிவிட்டது.

சரி, இதெல்லாம் பொது அறிவுதானே, உட்கார்ந்து யோசித்தால் வராதா என்று உங்கள் மூத்தவர் கேட்பார். அவருக்கு நியூயார்க் தொலைபேசி ஆபரேட்டர்களின் கதையைச் சொல்லுங்கள். நைனெக்ஸ் என்ற தொலைபேசி நிறுவனம், தன் ஆபரேட்டர்களுக்குப் புதிய பணிமேடைகள் வாங்க எண்ணியது. விற்பவர்கள் சொன்னது நியாயமாகவே இருந்தது: திரை வேகமாக வரும், அழுத்த வேண்டிய விசைகள் குறைவு. ஓர் அழைப்புக்கு ஒரு விநாடி மிச்சமானாலே ஆண்டுக்கு முப்பது லட்சம் டாலர் மிச்சமாகும் என்பது நிறுவனத்தின் கணக்கு. வெய்ன் கிரே, பானி ஜான், மைக்கேல் அட்வுட் மூவரும் இதை ஆராய்ந்தார்கள். ஆபரேட்டரின் கை எப்போது அசைகிறது, கண் எப்போது திரைக்குப் போகிறது, காது எப்போது காத்திருக்கிறது என்று ஒவ்வோர் அழைப்பையும் துண்டு துண்டாகப் பிரித்துக் கணக்குப் போட்டார்கள். புதிய மேடை வேகமாக இராது, சுமார் மூன்று சதவீதம் மெதுவாகத்தான் இருக்கும் என்று விடை வந்தது. யாரும் நம்பவில்லை. நேரில் வைத்துப் பார்த்தால் சுமார் நான்கு சதவீதம் மெதுவாக இருந்தது. 1993இல் வெளியான ஆய்வு இது.

காரணம் இதுதான். புதிய மேடை குறைத்த விசைகள், வாடிக்கையாளர் பேசிக்கொண்டிருக்கும்போது அழுத்தப்படுபவை. அந்த நேரத்தில் ஆபரேட்டர் எப்படியும் காத்திருக்கத்தான் வேண்டும். அதில் எதை மிச்சம் பிடித்தும் பயனில்லை. ஆனால் அழைப்பின் முடிவில், வேறு எதற்கும் காத்திருக்காத இடத்தில், வேலை கூடியிருந்தது. சமையலறையில் நிற்பவர்களுக்கு இது புதிதல்ல. உலையில் அரிசி வேகும் நேரத்தில் வெங்காயத்தை எவ்வளவு வேகமாக நறுக்கினாலும் சோறு முன்னதாக வந்துவிடாது. ஆனால் இந்த வேறுபாடு அரை விநாடி அளவில் ஒளிந்துகொண்டிருந்தால் எந்தக் கண்ணுக்கும் தெரியாது. அதை எடுத்துக் காட்டிய கணக்கின் வேர், கார்ட், மோரன், ஆலன் நியூவெல் மூவரும் 1983இல் எழுதிய ஒரு நூலில் இருக்கிறது.

இப்போது அந்த நியூவெல்லைப் பற்றிய இன்னொரு காட்சி. இதைச் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையற்றவன் ஆவேன். ஸெராக்ஸ் அப்போது ஒரு பெரிய நகல் இயந்திரத்தை விற்றுக்கொண்டிருந்தது. ஒரு பச்சைப் பொத்தானை அழுத்தினால் போதும் என்பது விளம்பரம். பயன்படுத்தியவர்களோ திணறினார்கள். அதே பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் இருந்த மானுடவியலாளர் லூசி சச்மன், இரண்டு பேரை அந்த இயந்திரத்தோடு விட்டுப் படம் பிடித்தார். இருவரும் தாளின் இரு பக்கமும் நகல் எடுக்க முயன்று, திரும்பத் திரும்பச் சிக்கிக்கொண்டு நிற்கிறார்கள். ஒருவர் கணினி மொழியியலாளர் ரான் காப்லான். மற்றவர் நியூவெல்லேதான். மனிதன் எப்படித் திட்டமிட்டுச் செயல்படுகிறான் என்று கோட்பாடு வகுத்தவர்! மனிதன் திட்டத்தின்படி நடப்பதில்லை, அந்தந்த இடத்தில் கைக்கு எட்டுவதை வைத்துச் சமாளித்துக்கொண்டு போகிறான் என்று சச்மன் 1987இல் வெளியிட்ட நூலில் வாதிட்டார். என்னிடம் அந்த இரண்டு நூல்களும் ஒரே தட்டில் அடுத்தடுத்து இருக்கின்றன. நன்றாகச் சண்டை போடட்டும் என்று விட்டிருக்கிறேன்.

என் கதைக்கு வருகிறேன். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு மருத்துவமனையின் பதிவுத் திரையை வடிவமைத்த குழுவில் இருந்தேன். ஊரும் பெயரும் வேண்டாம். படித்தவன் என்ற மிதப்பு எனக்கு நிறையவே இருந்தது. பெட்டிகள் ஒழுங்கான வரிசையில், பிழைச் செய்திகள் மரியாதையான மொழியில். ‘முதல் பெயர்’, ‘கடைசிப் பெயர்’ இரண்டையும் கட்டாயமாக நிரப்ப வேண்டும். மூன்றாவது வாரம் புகார் வந்தது: ஒரே நோயாளிக்கு இரண்டு, மூன்று பதிவு எண்கள் விழுகின்றன, பதிவு மேசையில் இருக்கும் அம்மாவுக்குச் சரியாக வேலை தெரியவில்லை.

போய் அவர் பின்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன். முதலில் வந்தவர் ஒரு பெரியவர், கே. முருகேசன். அந்த அம்மா ‘முருகேசன்’ என்று மேலே அடித்து, ‘கே’ என்பதைக் கீழே அடித்தார். அடுத்து வந்த பெண் செல்வி என்று மட்டும் சொன்னார். மேல் பெட்டியில் செல்வி, கீழ்ப் பெட்டியில் ஒரு புள்ளி. வெறும் முற்றுப்புள்ளி. “எதுவும் போடாவிட்டால் அடுத்த பக்கம் விடமாட்டேன் என்கிறது. புள்ளி வைத்தால் விட்டுவிடுகிறது” என்றார். மதிய வேளையில் அந்த மேசையில் வேலைக்கு வருபவர் இனிஷியலையும் பெயரையும் சேர்த்து மேலே அடித்து, கீழே தகப்பனார் பெயரை அடிப்பாராம். முருகேசன் காலையில் வந்தால் ஒருவர், மாலையில் வந்தால் வேறொருவர். இந்தக் குளறுபடியைச் சமாளிக்க அந்த அம்மா ஒரு வழியும் கண்டுபிடித்திருந்தார். நோயாளியின் கைப்பேசி எண்ணில் கடைசி நான்கு இலக்கங்களை முகவரிப் பெட்டியின் தொடக்கத்தில் அடித்துவைத்து, தேடும்போது அதைக்கொண்டே தேடுவார். புகார் என்னவோ அவர் பேரில்தான்.

அன்றிரவு, அன்றாடப் பொருள்களின் வடிவமைப்பைப் பற்றி உளவியலாளர் டொனால்ட் நார்மன் 1988இல் எழுதிய நூலை எடுத்தேன். மூன்று முறையாவது படித்திருந்த பக்கம். வடிவமைப்பவர் மனத்தில் ஒரு படம், பயன்படுத்துபவர் மனத்தில் ஒரு படம், இருவருக்கும் நடுவில் பேசக்கூடியது கருவி ஒன்றே. என் மனத்தில் இருந்த படத்தில் எல்லாருக்கும் குடும்பப் பெயர் இருந்தது. எனக்கே குடும்பப் பெயர் கிடையாது. எங்கோ இருந்த ஒரு மாதிரிப் படிவத்தை அப்படியே கொண்டுவந்து வைத்திருந்தேன்.

இந்தச் சிக்கலை எந்தப் பாடநூலும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. ஆனால் மறுநாள் கூட்டத்தில் “அந்த அம்மாவுக்கு இன்னும் பயிற்சி கொடுங்கள்” என்று மேலதிகாரி சொன்னபோது, பிழை ஆளிடம் இல்லை, திரையில் இருக்கிறது என்று நின்று வாதாட அந்தப் பக்கம்தான் சொற்களைக் கொடுத்தது. அது இல்லாவிட்டால் நானும் தலையாட்டியிருப்பேன். ‘பெயர்’ என்று ஒரு பெட்டி, ‘இனிஷியல்’ என்று நிரப்பாமலும் விடக்கூடிய ஒரு சிறிய பெட்டி என்று மாற்றினோம்.

இடையில் ஓர் எச்சரிக்கை. நூலை விட்டுவிட்டு நூலின் சாரக் குறிப்பைப் படிப்பவர்களிடம் சிக்கிக்கொள்ளாதீர்கள். உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் 1956இல் எழுதிய ‘ஏழு, கூட்டியோ குறைத்தோ இரண்டு’ கட்டுரையைக் காட்டி, பட்டியலில் ஏழு வரிகளுக்கு மேல் கூடாது என்று என்னோடு சண்டை போட்டவர்கள் உண்டு. மில்லர் பேசியது மனத்தில் பிடித்து வைத்துக்கொள்வதைப் பற்றி. பட்டியல் கண்ணெதிரே இருக்கும்போது அதை யார் மனப்பாடம் செய்யப்போகிறார்கள்? சரவண பவனில் பலகையில் ஏழு பலகாரங்கள்தானா எழுதியிருக்கிறது?

ஆகவே எடைக்குப் போட வேண்டாம், முதலிலிருந்து கடைசிவரை படிக்கவும் வேண்டாம். கருவிகளைப் பற்றிய இரண்டாம் அத்தியாயம்தான் உங்களைச் சலிப்படைய வைத்திருக்கும். அதை மறந்துவிடுங்கள். முதல் அத்தியாயத்தை இன்னொரு முறை படியுங்கள். பிறகு நேரே ஒன்பதாவதுக்கும் பதினைந்தாவதுக்கும் போங்கள். ஒன்று மதிப்பீடு, மற்றது பணிப் பகுப்பாய்வு. பதினேழாவது கணிதக் குறியீடுகளால் நிறைந்தது. வேலைக்குப் போனபின் தேவைப்பட்டால் பார்த்துக்கொள்ளலாம், எனக்கு இதுவரை தேவைப்படவில்லை.

அந்த இரண்டு அத்தியாயங்களுக்கு முன்பே ஒரு சனிக்கிழமை மாலை, உங்கள் மென்பொருளை வாங்கிய ஏதாவதொரு மருந்துக் கடையில் அனுமதி கேட்டு இரண்டு மணி நேரம் பில் போடுபவரின் பின்னால் உட்காருங்கள். கூட்டம் இருக்கும் நேரமாகப் பாருங்கள். “இங்கே அழுத்துங்கள் அண்ணா” என்று நாக்கு நுனிவரை வரும், அடக்கிக்கொள்ளுங்கள். எந்த விசையை அவர் பார்க்காமலே அழுத்துகிறார், எங்கே கை நின்றுவிடுகிறது, எப்போது கால்குலேட்டரை எடுக்கிறார் என்று எழுதிக்கொள்ளுங்கள். திரையின் ஓரத்தில் துண்டுச் சீட்டு ஏதாவது ஒட்டியிருந்தால் அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதையும் சொல் மாறாமல் குறித்துக்கொண்டு வந்து, எனக்கு இன்னொரு கடிதம் எழுதுங்கள்.

அன்புடன்.