நடைபாதையில் காலைத் தூக்கிக்கொண்டு நிற்கும் நாய்

டொராண்டோ நடைபாதையில் பத்தே நிமிடத்தில் உங்கள் கோல்டன் ரெட்ரீவர் நாய் காலைத் தூக்கிக்கொண்டு நின்றுவிடுகிறது, குளிர்தான் காரணமா என்று கேட்டிருந்தீர்கள். குளிரைவிட உப்புதான் காரணமாக இருக்கும். பனி உருகத் தூவும் அந்த உப்பு பாத வெடிப்புகளில் புகுந்து எரியும். உப்பில்லாத பூங்காவின் புதுப்பனியில் நாய் அரை மணி நேரம் உற்சாகமாக ஓடுகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்களே, அதை வைத்துத்தான் சொல்கிறேன்.

அடுத்த முறை நின்றதும் பாதத்தைத் திருப்பி, விரலிடுக்கைப் பாருங்கள். முடியில் பனி உருண்டை கட்டியிருந்தால் கையால் பொத்தி உருக்குங்கள். அப்புறம் அந்த முடியைப் பாத மட்டத்துக்குக் கத்தரித்துவிடுங்கள். உருண்டை இல்லாமல் தோல் சிவந்திருந்தால் பெரும்பாலும் உப்புதான்.

வீடு திரும்பியதும் வெதுவெதுப்பான தண்ணீரில் நான்கு பாதங்களையும் கழுவித் துடையுங்கள். அதற்குமுன் நக்க விடாதீர்கள், உப்பு வயிற்றைக் கெடுக்கும். கிளம்பும்போது நாய்களுக்கான பாத மெழுகு தடவலாம். காலணி இன்னும் நல்லது; எங்கள் நாய்க்கு வீட்டுக்குள்ளேயே தீனி கொடுத்துக் கொடுத்துப் பழக்கினோம், ஒரு வாரம் பிடித்தது.

ஆனால் எப்போதும் ஒரே காலைத்தான் தூக்குகிறது என்றால் உப்பென்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். மைனஸ் 20 டிகிரியில் உப்பே இல்லாவிட்டாலும் சில நிமிடங்களில் திரும்பிவிடுங்கள்.