12 வயதுப் பெண் சாஃப்ட்பாலில் சேஞ்ச்அப்பை எப்போது, எங்கே வீச வேண்டும்?

மகள் சேஞ்ச்அப் (வேண்டுமென்றே மெதுவாக வீசும் பந்து) வீசக் கற்றுக்கொண்டுவிட்டாள், ஆட்டத்தில் அதை எப்போது வீசச் சொல்வது என்று கேட்டிருக்கிறீர்கள். டெக்சாஸில் என் மகள் ஆடும் 12 வயதுக்குட்பட்டோர் அணிக்கு பெஞ்சிலிருந்து பிட்ச் சைகை கொடுப்பது நான்தான். பேட்டர் முந்தைய பந்துக்கு எப்படிச் சுற்றினாள் என்பதை வைத்துத்தான் முடிவெடுப்பேன்.

கிரிக்கெட் தெரிந்தவர் என்றால், இது ஸ்லோயர் பால் மாதிரிதான். கை அதே வேகத்தில் சுற்ற வேண்டும், பந்து மட்டும் தாமதமாக வர வேண்டும். இந்த வயதில் பிட்சிங் தூரம் 40 அடி. ஃபாஸ்ட்பால் மணிக்கு 50 மைல், சேஞ்ச்அப் 38 மைல் என்று வைத்துக்கொண்டால், வந்து சேர்வதில் வித்தியாசம் கால் வினாடிகூட இல்லை. ஆனால் ஸ்விங்கைக் கெடுக்க அது தாராளம்.

வலக்கை பேட்டர் ஃபாஸ்ட்பாலை மூன்றாம் பேஸ் கோட்டுக்கு வெளியே (பிட்சரைப் பார்த்தால் இடப்பக்கம்) விளாசி ஃபவுல் ஆக்குகிறாளா? முந்திக்கொண்டு சுற்றுகிறாள் என்று அர்த்தம். அடுத்த பந்தே சேஞ்ச்அப். 2 ஸ்ட்ரைக் (மூன்று விழுந்தால் அவுட்) விழட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அதே ஃபவுல் முதல் பேஸ் பக்கம் போனால் அவள் ஏற்கெனவே தாமதம். மெதுவாகப் போட்டால் நாமே அவளுக்கு வழிவிட்டது போலாகும். பேட்டிங் வரிசையில் கடைசியில் வருபவர்கள் பலரும் இந்த ரகம்தான். அவர்களுக்கு ஃபாஸ்ட்பாலே போதும்.

எங்கே என்றால், முழங்கால் உயரம் அல்லது அதற்கும் கீழே. இடுப்பு உயரத்தில் வரும் சேஞ்ச்அப்பைப் போல அடிக்க வாகான பந்து வேறில்லை. 2 ஸ்ட்ரைக் விழுந்த பிறகு தரையில் பட்டாலும் சரி, ஆனால் மூன்றாம் பேஸில் ரன்னர் இருந்தால் உங்கள் கேட்சர் (கிரிக்கெட்டின் விக்கெட் கீப்பர் மாதிரி) அதைத் தடுப்பாளா என்று யோசித்துக்கொள்ளுங்கள். பேஸ் திருட, அதாவது பேட்டர் அடிக்காமலேயே அடுத்த பேஸுக்கு ஓடத் துடிக்கும் ரன்னர் இருக்கும்போதும் கவனம்: பந்து பிட்சரின் கையை விட்டதுமே அவள் ஓடலாம், மெதுவான பந்து அவளுக்குத்தான் நேரம் கொடுக்கிறது.

அப்புறம், பந்தைப் பிடிக்கும் விதத்தைக் கையுறைக்குள்ளேயே மாற்றப் பழக்குங்கள். வெளியே மாற்றினால் எதிரணி கோச் கண்ணில் பட்டுவிடும்.

முதல் இன்னிங்ஸிலேயே ஒன்றிரண்டு வீசச் சொல்லுங்கள். ஸ்ட்ரைக் ஆகாவிட்டாலும் பரவாயில்லை. எதிரணி பெஞ்சில் எல்லாரும் பார்த்திருப்பார்கள். அதற்கப்புறம் ஃபாஸ்ட்பாலுக்கும் கொஞ்சம் தயங்கித்தான் சுற்றுவார்கள்.