இருவருக்கு ஒரே ரைபிள் போதுமா?

கேள்வி: நானும் மனைவியும் முதல் வேட்டை சஃபாரிக்குத் தென்னாப்பிரிக்கா செல்கிறோம். குடு, இம்பாலா மான்கள்தான் இலக்கு. ஒரே ரைபிள் போதுமா?

பதில்: .30-06 அளவு ரைபிளும் 180 கிரெய்ன் எடையுள்ள குண்டும் தாராளமாகப் போதும். தோளில் பதிக்கும் கட்டையின் நீளம் இருவருக்கும் பொருந்துகிறதா என்று மட்டும் பாருங்கள். எட்டாமல் முகத்தை முன்னே நீட்டிக் குறிபார்த்தால், பின்னுதைப்பில் ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) விளிம்பு புருவத்தைக் கிழித்துவிடும்.

மேசையில் சுட்டுப் பழகாதீர்கள். சஃபாரியில் பெரும்பாலும் முக்காலிக் கோலில் சாய்த்து, நின்றபடிதான் சுடுவீர்கள். மான்களின் இதயம் நெஞ்சின் அடிப்பகுதியில், முன்னங்கால்களுக்கு இடையில் இருக்கிறது. விலங்கு பக்கவாட்டில் நிற்கும்போது முன்னங்காலை ஒட்டியே மேலேறி, உடல் உயரத்தில் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கில் குறிவையுங்கள். தோளுக்குப் பின்னால் தள்ளிப்போனால் குண்டு வயிற்றில் பாயும். பாவம், அது புதருக்குள் ஓடி நெடுநேரம் துடிக்கும். காயம்பட்டது கிடைக்காவிட்டாலும் பொதுவாக முழுக் கட்டணம் உண்டு.

துப்பாக்கியைத் தற்காலிகமாக உள்ளே கொண்டுவர தென்னாப்பிரிக்கப் போலீஸுக்குத் தரும் எஸ்.ஏ.பி.எஸ். 520 படிவத்தைக் கறுப்பு மையில் நிரப்பி, கையெழுத்தை மட்டும் விமான நிலையத்தில் போலீஸ் அதிகாரி முன் போடுங்கள்.