ரமேஷ் கிருஷ்ணனின் ஸ்கோரை வாசிப்பது எப்படி? கேள்வி பதில்

அண்ணா, இந்திய டெனிஸ் வீரர் ரமேஷ் கிருஷ்ணன் உலக நம்பர் 1 வீரரை வென்றவர் என்று அப்பா அடிக்கடி சொல்லுவார். உண்மையா? (வெள்ளவத்தை)

உண்மைதான். 1989 ஜனவரி, அவுஸ்திரேலிய பகிரங்க டெனிஸ், இரண்டாம் சுற்று. சுவீடனின் மற்ஸ் விலாண்டரை 6-3, 6-2, 7-6 என்று நேர் செட்களில் வென்றார். விலாண்டர் அப்போது நம்பர் 1 மட்டுமல்ல, நடப்புச் சம்பியனும்கூட. ரமேஷின் சேர்வில் வேகம் இல்லை. ஆனால் பந்தை எழும்பும்போதே எடுத்து, வேகமே கொடுக்காமல் மூலைக்குத் தள்ளுவார். எதிராளி தன் வேகத்தைத் தானே உண்டாக்க வேண்டிவரும்.

அந்தத் தோல்வியின் விலையையும் பாருங்கள். தரவரிசைப் புள்ளி 52 வாரம்தான் உயிரோடு இருக்கும். 1988இல் மெல்பேர்னில் கிண்ணம் வென்ற விலாண்டருக்கு அந்தப் புள்ளிகள் கழிந்தன, புதிதாக வந்ததோ இரண்டாம் சுற்றுப் புள்ளி மட்டும். அந்த முறை கிண்ணத்தை வென்ற இவான் லெண்டில் ஜனவரி 30 அன்று முதலிடத்தை எடுத்துக்கொண்டார்.

நான்கு பெரிய போட்டிகளான கிராண்ட்ஸ்லாமில் ஒன்றும் வெல்லவில்லையே, பிறகு என்ன பெருமை? (கொட்டாஞ்சேனை)

கிண்ணத்தை மட்டும் எண்ணினால் அப்படித்தான் தோன்றும். ஒற்றையரில் 8 பட்டம், 1985 ஜனவரியில் உலகத் தரவரிசையில் 23ஆம் இடம், கிராண்ட்ஸ்லாமில் மூன்று கால் இறுதி. யாரிடம் தோற்றார் என்று பாருங்கள். 1981 அமெரிக்க பகிரங்கத்தில் மெக்கன்றோவிடம், அதுவும் முதல் செட்டை எடுத்த பிறகு. அந்த வருடம் கிண்ணம் மெக்கன்றோவுக்குத்தான். 1986 விம்பிள்டனில் சிவோயினோவிச்சிடம். 1987 அமெரிக்க பகிரங்கத்தில் எட்பெர்க்கிடம் 6-2, 6-2, 6-2. கடைசியாகச் சொன்னதில் சாக்குச் சொல்ல இடமே இல்லை.

1979இல் பிரெஞ்சு ஜூனியர் பட்டம் வென்றவர், பெரியவர் பிரிவில் அங்கே கால் இறுதிகூடக் காணவில்லை. களிமண்ணில் பந்து மெதுவாக வரும், எதிராளிக்கு ஓடி எடுக்க நேரம் கிடைக்கும். மென்மையான சேர்வுக்கு அங்கே இரட்டைத் தண்டனை.

நாடுகள் அணியாக மோதும் டேவிஸ் கிண்ணத்தின் 1987 அரையிறுதியில் ரமேஷ் அவுஸ்திரேலியாவின் மசூரை வென்ற ஸ்கோர் 8-6 என்று ஆரம்பிக்கிறதே. அச்சுப் பிழையா?

பிழையில்லை. சிட்னி புல்தரையில் இரு நாடுகளும் 2-2 என்று சமமாக இருந்தபோது, கடைசி ஆட்டத்தில் ரமேஷ் 8-6, 6-4, 6-4 என்று வென்று இந்தியாவை இறுதிக்குக் கொண்டுபோனார். டேவிஸ் கிண்ணத்தில் டைபிரேக் (6-6 ஆனதும் செட்டை முடிக்க ஆடும் தனி கேம்) வந்தது 1989இல்தான். அதற்கு முன் இரண்டு கேம் வித்தியாசம் வரும்வரை செட் ஓடும். இறுதியாட்டத்தைச் சுவீடன் உள்ளரங்கக் களிமண்ணில் வைத்தது, 0-5 தோல்வி. சொந்த மண்ணில் தளத்தைத் தெரிவு செய்யும் உரிமை எவ்வளவு பெரியது என்று புரிகிறதா?

ரமேஷின் அப்பா ராமநாதன் பெரிய வீரரா, மகனா? (தெஹிவளை)

தரவரிசையை வைத்து ஒப்பிட வேண்டாம். ஆண்கள் தொழில்முறை டெனிஸ் அமைப்பான ஏடிபியின் கணினித் தரவரிசை 1973இல்தான் தொடங்கியது. ராமநாதன் 1960, 1961 விம்பிள்டன் அரையிறுதிகளில் பிரேசரிடமும் லேவரிடமும் தோற்றார். இருவரும் அந்தந்த ஆண்டுச் சம்பியன்கள். ஆனால் 1968 வரை விம்பிள்டனில் தொழில்முறை வீரருக்கு இடமில்லை என்பதையும் கணக்கில் எடுங்கள். தொழில்முறைக்குப் போன ரோஸ்வோல் போன்றோர் வெளியே நின்ற காலம் அது. என் ஓட்டு அப்பாவுக்கு.

7-6(4) என்றால் நான்கு யாருடையது?

டைபிரேக்கில் தோற்றவர் எடுத்த புள்ளி. (4) என்றால் 7-4. (9) என்றால் 11-9, ஏனெனில் இரண்டு புள்ளி வித்தியாசம் வேண்டும். நடுவில் காயத்தால் விலகினால் எதிராளிக்கு அது வெற்றியாகச் சேரும். ஆட்டமே தொடங்காத வோக்ஓவர் வெற்றி தோல்விக் கணக்கில் வராது. பலர் கூட்டிப் பார்த்துப் பிழைப்பது இங்கேதான்.

போட்டித் திகதி ஒருநாள் மாறி வருகிறதே? (வத்தளை)

நியூயோர்க்கில் இரவு 7 மணி ஆட்டம் இலங்கையில் எங்களுக்கு மறுநாள் அதிகாலை 4.30. இணையத்தளங்கள் அந்த ஊர்த் திகதியையே போடும். விம்பிள்டன் காலை 11 மணி இங்கே பிற்பகல் 3.30, அதில் சிக்கல் இல்லை.

மகன் கொழும்பு கிரீன் பாத் டெனிஸ் மைதானத்தில் விளையாடுகிறான். ஏடிபி புள்ளி எப்படிக் கிடைக்கும்?

தொழில்முறைப் போட்டிகளில் மிகக் கீழ்ப்படி எம்15 எனப்படும் போட்டி. சம்பியனுக்கு 15 புள்ளி, பிரதான சுற்றின் முதல் ஆட்டத்திலேயே தோற்றால் பூச்சியம். கிராண்ட்ஸ்லாம் சம்பியனுக்கு 2000. முதலில் சர்வதேச ஜூனியர் போட்டிகளில் ஆடவிடுங்கள், அதற்கு 13 வயது வேண்டும்.